கூகுள், ஃபேஸ்புக் லாகின் மட்டும் வைத்து ஒரு வலைத்தளம் நடத்தலாமா?

பாஸ்வேர்டைச் சேமிக்கும் பொறுப்பே வேண்டாம், இரண்டு பட்டன் போதும் என்று நினைக்கிறீர்கள். பட்டன்களைத் தாராளமாக வையுங்கள். அவை மட்டுமே வாசலாக இருக்கக் கூடாது. பயனரின் கணக்கு உங்கள் டேட்டாபேஸில், உங்களுடையதாக இருக்க வேண்டும். கூகுள் அதைத் திறக்கும் சாவிகளில் ஒன்று.

இந்தச் சேவைகள் நிரந்தரம் இல்லை. ஒரே கணக்கால் பல தளங்களில் நுழையவிட்ட மைஓப்பன்ஐடி 2014 பிப்ரவரி 1-ல் மூடப்பட்டது. கூகுள் தன் பழைய ஓப்பன்ஐடி 2.0 லாகின் முறையை 2015 ஏப்ரலில் நிறுத்தியது. மொசில்லாவின் லாகின் சேவையான பெர்சோனா 2016 நவம்பர் 30-ல் முடிந்தது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கியபோது, அந்த லாகினை மட்டும் நம்பியவர்கள் மற்ற தளங்களுக்குள்ளும் நுழைய முடியவில்லை. இவற்றைவிட அடிக்கடி நடப்பது, ஒரு தனி ஆளின் கூகுள் கணக்கு முடக்கப்படுவது. அவர் உங்கள் தளத்தில் எந்தத் தவறும் செய்திருக்க மாட்டார்; ஆனாலும் வெளியே நிற்பார்.

டேட்டாபேஸில் இரண்டு டேபிள் வையுங்கள். ஒன்று பயனருக்கு: உங்கள் சொந்த எண், சரிபார்த்த ஈமெயில். மற்றது சாவிகளுக்கு: பயனர் எண், சேவையின் பெயர், அந்தச் சேவை தரும் மாறாத ஐடி. கூகுள் போன்றவை இப்போது பயன்படுத்தும் லாகின் முறையான ஓப்பன்ஐடி கனெக்டில், இந்த ஐடி ‘சப்’ என்ற பெயரில் டோக்கனுக்குள் (நுழைந்தவர் யார் என்று சேவை அனுப்பும் சான்று) வரும். சேவைப் பெயரும் சப்பும் சேர்ந்த ஜோடி இரண்டு முறை பதிவாகாதபடி யூனிக் இண்டெக்ஸ் போடுங்கள்.

சேவை சொல்லும் ஈமெயிலை மட்டும் வைத்து ஆளை அடையாளம் காணாதீர்கள். பலரும் சறுக்கும் இடம் இதுதான். வேலையை விட்டுப் போனவரின் அலுவலக முகவரி நாளை இன்னொருவருக்குப் போகலாம். 2023-ல் வெளிவந்த ‘என்ஓஆத்’ ஓட்டை இதே வகை: மைக்ரோசாஃப்டின் நிறுவன லாகின் சேவையான அஸூர் ஏடி-யில் தன் நிறுவனக் கணக்கில் யாருடைய ஈமெயிலையும் சரிபார்ப்பின்றி எழுதிக்கொள்ள முடிந்தது. ஈமெயில் பொருந்தினால் போதும் என்று உள்ளே விட்ட தளங்கள், உரியவரின் கணக்கை அந்நியரிடம் கொடுக்கும் நிலையில் இருந்தன.

அதனால், வந்த ஈமெயிலில் ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தால் தானாக இணைக்க வேண்டாம். பழைய வழியில் ஒருமுறை நுழையச் சொல்லி, பிறகு இணையுங்கள். இதன் மறுபக்கமும் உண்டு. ஒருவர் வேறொருவரின் ஈமெயிலைப் போட்டு, சரிபார்க்காமலே முன்கூட்டி ஒரு கணக்கு தொடங்கி வைக்கலாம். பின்னால் உரியவர் கூகுள் வழியாக வந்து அதில் இணைந்தால், முன்னவர் வைத்த பாஸ்வேர்டும் வேலை செய்துகொண்டிருக்கும். சரிபார்க்காத கணக்கில் இருக்கும் பாஸ்வேர்டையும், திறந்திருக்கும் செஷனையும் (லாகின் நிலை) முதலில் அழித்துவிட வேண்டும்.

ஃபேஸ்புக்கில் போன் எண் கொடுத்துச் சேர்ந்தவருக்கு ஈமெயிலே வராமல் போகலாம். நீங்களே கேட்டு வாங்குங்கள். ஃபேஸ்புக் தரும் ஐடி உங்கள் ஆப்புக்கு மட்டும் உரியது என்பதால், புது ஆப் பதிவு செய்தால் அதே ஆளுக்கு வேறு ஐடி வரும்.

ஆப்பிள் இன்னும் கண்டிப்பு. பெயர் முதல் தடவை மட்டுமே வரும். அந்த வேளையில் உங்கள் சர்வரில் பிழை வந்தால் பெயர் போயிற்று. மற்ற வேலைக்கு முன் அதை எழுதி வைத்துவிடுங்கள். ஈமெயிலை மறைத்தவருக்குப் பதிலாக, மெயிலை அவரிடம் தள்ளிவிடும் ஆப்பிளின் இடைமுகவரி உங்களுக்கு வரும். உங்கள் அனுப்பும் டொமைனை ஆப்பிளிடம் பதிவு செய்யாவிட்டால் மெயில் அவரிடம் சேராது. உங்கள் தளம் தான்தான் என்று ஆப்பிளிடம் காட்டும் ரகசியக் குறியீடான கிளையன்ட் சீக்ரெட்டுக்கு அதிகபட்ச ஆயுள் ஆறு மாதம். ஒருநாள் திடீரென்று ‘இன்வாலிட் கிளையன்ட்’ என்று எல்லோரும் வெளியே நின்றால், முதலில் அதைப் பாருங்கள். மாதம் ஒருமுறை கிரான் வேலையாக (சர்வர் தானே குறித்த நேரத்தில் செய்வது) புதிதாக உருவாக்கிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

இன்ஸ்டாகிராம் போன்ற ஆப்புக்குள் இருந்தே உங்கள் லிங்க்கைத் திறப்பவர்களையும் நினைவில் வையுங்கள். ஆப்புக்குள்ளேயே பொதிந்த பிரவுசரான வெப்வியூவில் கூகுள் தன் லாகினை அனுமதிப்பதில்லை; 403 பிழைதான் வரும். வேறு வழி இல்லாத தளத்தில் அவர் அங்கேயே திரும்பிவிடுவார்.

மாற்று வழிக்குப் பாஸ்வேர்ட் தேவையில்லை. ஈமெயிலுக்கு ஆறு இலக்கக் குறியீடு போதும்: 10 நிமிட ஆயுள், ஒருமுறை மட்டும் செல்லும், ஐந்து தவறுக்குப் பின் ரத்து. லிங்க் அனுப்புவதைவிடக் குறியீடு நல்லது. சில அலுவலக மெயில் ஸ்கேனர்கள் லிங்க்கைத் தாமே திறந்து பார்த்து, பயனர் தொடும் முன்பே அதைச் செலவழித்துவிடும்.

தளம் ஏற்கெனவே பட்டன்களை மட்டும் வைத்து ஓடுகிறது என்றால், அடுத்த லாகினிலேயே ஈமெயிலைக் கேட்டுக் குறியீடு அனுப்பிச் சரிபாருங்கள். சேவை மூடிய பிறகு, வந்திருப்பவர் அதே ஆள்தானா என்று தெரிந்துகொள்ள உங்களிடம் எதுவும் இருக்காது. ஒவ்வொரு பட்டனையும் தனியாக அணைக்க ஒரு ஸ்விட்ச் வைத்து, சோதனை சர்வரில் கூகுளை அணைத்துவிட்டு உங்கள் கணக்குக்குள் நுழைய முடிகிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.