கென்னடி வீட்டின் மறைக்கப்பட்ட மகள்

கேள்வி: அமெரிக்க அதிபர் கென்னடிக்கு, வீட்டார் வெளியே சொல்லாமல் மறைத்து வைத்த ஒரு தங்கை இருந்தாராமே?

பதில்: இருந்தார். ரோஸ்மேரி, 1918-ல் பிறந்தவர், கென்னடிக்கு அடுத்த குழந்தை. படிப்பு மெதுவாகத்தான் வந்தது, அவ்வளவுதான். டைரி எழுதினார், நடனம் ஆடினார், 1938-ல் லண்டன் அரண்மனையில் அரசர், அரசி முன்னால் போய் வணங்கிவிட்டு வந்தார். வளர வளர கோபம் அதிகமாகி, தங்கியிருந்த பள்ளியிலிருந்து இரவில் வெளியேறவும் தொடங்கியதும் குடும்பப் பெயர் கெட்டுவிடும் என்று அப்பா ஜோசப் பயந்தார். 1941-ல், பெற்ற தாயிடம்கூடச் சொல்லாமல், அந்த 23 வயதுப் பெண்ணுக்கு லோபாட்டமி, அதாவது கோபத்தை அடக்க மூளையின் முன்பகுதி நரம்பு இணைப்புகளை வெட்டும் அறுவை சிகிச்சையைச் செய்ய வைத்தார். அதற்குப் பிறகு ரோஸ்மேரியால் சரியாக நடக்க முடியவில்லை, பேச்சும் போய்விட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

1949-லிருந்து அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு கத்தோலிக்கக் காப்பகம். யாராவது விசாரித்தால், எங்கேயோ டீச்சராக இருக்கிறாள் என்று வீட்டில் சொன்னார்கள். 1962-ல் தங்கை யூனிஸ், அக்காவுக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்று பத்திரிகையில் எழுதினார், சரி, ஆனால் அறுவை சிகிச்சை பற்றி அதிலும் ஒரு வார்த்தை இல்லை. மறுவருடமே, பெரிய மனநல மருத்துவமனைகளில் அடைப்பதற்குப் பதில் ஊருக்குள்ளேயே சிகிச்சை தரும் சட்டத்தில் கென்னடி கையெழுத்திட்டார். பிற்காலத்தில் உடன்பிறந்தவர்கள் ரோஸ்மேரியை வீட்டுக்கு அழைத்துவர ஆரம்பித்தார்கள். 2005-ல், 86 வயதில், அவர் இறந்தபோது சகோதரிகள் பக்கத்தில் இருந்தார்கள்.