யாரும், யாராவது, யாரோ: ஜெர்மனில் எது?

அன்புள்ள ஐயா,

செவிலியர் வேலைக்காக ஜெர்மன் பி1 (இடைநிலை) படிக்கிறேன். ‘யாரும் வரவில்லை’ என்பதை ‘நீமண்ட் இஸ்ட் நிஷ்ட் கெகொமன்’ என்று எழுதினேன், தவறு என்றார்கள். ‘யாரையாவது’, ‘யாருக்காவது’ என்று வரும் யேமண்டன், யேமண்டெம் இரண்டும் குழப்புகின்றன. ‘மன்’ எங்கே வரும் என்பதும் பிடிபடவில்லை.

ச., திருச்சி

அன்புள்ள ச.,

தமிழில் ‘யாரும்’ வந்தால் எதிர்மறையை வினை சுமக்கும். ஜெர்மனில் ‘நீமண்ட்’ என்ற சொல்லுக்குள்ளேயே அது இருக்கிறது. ‘இல்லை’ எனும் ‘நிஷ்ட்’ சேர்த்தால் இரண்டு மறுப்பும் அடிபட்டு, எல்லோரும் வந்தார்கள் என்றாகிவிடும். ‘நீமண்ட் இஸ்ட் கெகொமன்’ போதும். ‘யேமண்ட் இஸ்ட் நிஷ்ட் கெகொமன்’ என்றால் யாரோ ஒருவர் வரவில்லை என்று பொருள். யாரோ, யாராவது இரண்டுக்கும் ‘யேமண்ட்’தான். ‘யாராக இருந்தாலும் சரி’ என்று அழுத்த ‘இர்கெண்ட்யேமண்ட்’. 1996 எழுத்துச் சீர்திருத்தத்திலிருந்து இது ஒரே சொல்.

அடுத்தது வேற்றுமை. இங்கேதான் தமிழ் நம்மை ஏமாற்றும். ‘யாருக்காவது போன் பண்ணட்டுமா?’ என்பதில் ‘கு’ இருப்பதால் நான்காம் வேற்றுமை வடிவமான யேமண்டெம் என்று கை போகும். ஆனால் ‘அன்ரூஃபன்’ (போன் பண்ண) இரண்டாம் வேற்றுமை கேட்கும் வினை: ஸோல் இஷ் யேமண்டன் அன்ரூஃபன்? ‘யாரிடமாவது கேட்கணும்’ என்பதும் அப்படியே: இஷ் முஸ் யேமண்டன் ஃப்ராகன். இந்த மூன்றில் ‘ஹெல்ஃபன்’ மட்டும் தமிழோடு ஒத்துப்போகும்: யேமண்டெம் ஹெல்ஃபன், யாருக்காவது உதவ. ஆகவே வினையை எழுதிவைக்கும்போதே பக்கத்தில் ‘யேமண்டன்’ அல்லது ‘யேமண்டெம்’ சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பேச்சில் பலர் விகுதியே இல்லாமல் ‘யேமண்ட்’ என்று விட்டுவிடுவார்கள், அதுவும் ஏற்கப்பட்டதுதான். தேர்வில் விகுதியோடு எழுதுவது நல்லது.

‘இதை எப்படிச் சொல்றது?’ என்று தமிழில் எழுவாயே இல்லாமல் பேசுகிறோமே, அந்தக் காலி இடத்தில் வருவதுதான் ‘மன்’: வீ ஸாக்ட் மன் டஸ்? எத்தனை பேரைக் குறித்தாலும் வினை ஒருமை. அடுத்த வாக்கியத்திலும் ‘மன்’தான், ‘ஏர்’ (அவன்) ஆக மாற்றக்கூடாது: வென் மன் ஃபீபர் ஹட், ஸோல் மன் ஃபீல் ட்ரிங்கன் (காய்ச்சல் இருந்தால் நிறையக் குடிக்கணும்). ‘மன்’ எழுவாயாக மட்டுமே வரும். இரண்டாம் வேற்றுமைக்கு ஐனன், நான்காம் வேற்றுமைக்கு ஐனெம். நோயாளியிடம் ‘நீங்கள் மாத்திரை போடணும்’ என்று சொல்ல ‘மன்’ வேண்டாம், ‘ஸீ’ என்றே சொல்லுங்கள். இல்லையென்றால் யாருக்கோ விதி வாசிப்பதுபோல் இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் வார்டில் முதல் நாளே வேண்டியிருக்கும். ‘ஹாபன் ஸீ ஐன் ஃப்ளஸ்டர்?’ என்று பிளாஸ்திரி கேட்டால் ‘யா, ஹீர் இஸ்ட் ஐன்’ என்று நிறுத்தக்கூடாது. பெயர்ச்சொல் விழுந்துவிட்டால் அதன் பால் காட்டும் விகுதி ‘ஐன்’ (ஒன்று) மேல் ஏறவேண்டும். ‘ஃப்ளஸ்டர்’ ஆணும் பெண்ணும் அல்லாத பால், ஆகவே ஐன்ஸ். பிளாஸ்திரி இல்லை என்று சொல்ல கைன்ஸ். பேனா ஆண்பால், ஆகவே ‘ஹீர் இஸ்ட் ஐனர்’. பன்மைக்கு ‘ஐன்’ கிடையாது, ‘வெல்ஷ’ வரும். கையுறை இருக்கிறதா என்றால்: யா, இம் ஷ்ரங்க் ஸிண்ட் வெல்ஷ. தீர்ந்துவிட்டால்: நைன், கைன மேர். ‘கைனர்’ ஆட்களுக்கும், ‘யாரும் இல்லை’ என்ற பொருளில், வரும். பேச்சில் நீமண்டைவிட இதையே அதிகம் கேட்பீர்கள்.

‘ஏதாவது’ எனும் ‘எட்வஸ்’ பேச்சில் ‘வஸ்’ என்று சுருங்கும். ‘ப்ராவுகன் ஸீ வஸ்?’ என்றால் ‘ஏதாவது வேணுமா?’. ‘வஸ் ப்ராவுகன் ஸீ?’ என்றால் ‘என்ன வேணும்?’. ‘வஸ்’ முதலில் நின்றால் கேள்விச் சொல். ‘ஏதாவது’ என்ற பொருளில் அது பொதுவாக வாக்கியத்தைத் தொடங்காது.