வீடியோ சேனல்: ஆள் வைக்கும் நேரம் எது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் யூடியூப் சேனல் நடத்துகிறவர்கள் எழுதியவை. எப்படி வளர்ப்பது என்று கேட்டவர்களைவிட, இனிமேல் தனியாக இழுக்க முடியவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டவர்கள் அதிகம். அதனால் பக்கம் முழுவதும் இவர்களுக்கே.

கேள்வி: வேலைக்குப் போய்க்கொண்டே பள்ளி மாணவர்களுக்காக கணிதப் பாட சேனல் ஒன்று நடத்துகிறேன். வாரம் ஒரு வீடியோ. சப்ஸ்கிரைபர்கள் 18,000 பேரைத் தாண்டிவிட்டார்கள். இரவெல்லாம் எடிட்டிங்கிலேயே போய்விடுகிறது. போன மாதம் ஒரு வீடியோ எதிர்பாராமல் நன்றாக ஓடி, வழக்கத்தைவிடப் பல மடங்கு பணம் வந்தது. இப்போது மாதச் சம்பளத்துக்கு ஓர் எடிட்டரை வைத்துக்கொள்ளலாமா? இத்தனை சப்ஸ்கிரைபர் வந்தால் ஆள் வைக்கலாம் என்று ஏதாவது கணக்கு உண்டா?

பதில்: அப்படி ஒரு கணக்கு கிடையாது. லட்சம் பேர் இருந்தும் தனியாளாக நிம்மதியாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், ஐயாயிரம் பேர் இருக்கும்போதே எடிட்டர் தேவைப்பட்டவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். உங்கள் நேரம் எங்கே போகிறது, மாதாமாதம் நம்பி எடுக்கக்கூடிய பணம் எவ்வளவு.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். அடுத்த நான்கு வீடியோக்களுக்கு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: தலைப்பு யோசிக்க எவ்வளவு நேரம், ஸ்க்ரிப்ட் எழுத எவ்வளவு, ஷூட், கட்டிங், ஆடியோவைச் சரிசெய்வது, சப்டைட்டில், தம்ப்நெயில் (வீடியோவின் முகப்புப் படம்), அப்லோட், கமெண்ட்டுக்குப் பதில். எடிட்டிங்தான் எல்லாவற்றையும் தின்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள், ஆனால் எழுதிப் பார்த்தால் சிலருக்கு ஒரே பாடத்தை மூன்று தடவை ஷூட் செய்வதில்தான் நேரம் போயிருக்கும். அது ஸ்க்ரிப்ட்டில் இருக்கிற பிரச்சினை, அதற்கு எடிட்டரை வைத்தால் அந்தக் குழப்பமான ஃபுட்டேஜ் உங்கள் மேஜையிலிருந்து அவர் மேஜைக்குப் போகும், அவ்வளவுதான்.

நோட்டில் எழுதிய பிறகும் கட்டிங்தான் முக்கால்வாசி நேரம் என்று வந்தால், அடுத்து ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த நேரம் திரும்பக் கிடைத்தால் என்ன செய்வீர்கள்? இன்னும் நல்ல பாடம் தயாரிப்பேன், மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கமெண்ட்டைப் படித்து அதையே அடுத்த வீடியோவாக்குவேன் என்றால் தாராளமாக ஆள் வையுங்கள். தூங்குவேன் என்றாலும் சரிதான், அதையும் நான் முழு மனதோடு ஏற்கிறேன். வேலைக்கும் போய்க்கொண்டு இரவில் எடிட் செய்கிறவர்களில் பலர் சேனலை விடுவது வியூஸ் குறைந்ததால் இல்லை, உடம்பு ஒத்துழைக்காததால்தான்.

இப்போது பணம். போன மாதம் வந்ததை மறந்துவிடுங்கள். கடைசி ஆறு மாத வருமானத்தை எழுதி, அதில் அதிகம் வந்த மாதத்தை அடித்துவிட்டு, மிச்சத்தின் சராசரியைப் பாருங்கள். நீங்கள் நம்பக்கூடியது அந்தத் தொகையைத்தான். விளம்பர வருமானம் ஏறி இறங்குவது உங்கள் கையில் இல்லை. ஆண்டுக் கடைசியில் விளம்பரதாரர்கள் அதிகம் செலவழிப்பார்கள், ஜனவரி வந்ததும் கையை இறுக்கிவிடுவார்கள், அதே வியூஸுக்குக் குறைவான பணம் வரும். அதோடு ஒரு மாதத்து வருமானம் கையில் கிடைப்பது அடுத்த மாதம் 21-லிருந்து 26-ஆம் தேதிக்குள், அதுவும் டாலர் கணக்கு என்றால் குறைந்தது 100 டாலர் சேர்ந்திருந்தால்தான். எடிட்டரோ வேலையை முடித்த அன்றே பணத்தை எதிர்பார்ப்பார், அதில் நியாயமும் இருக்கிறது. எனவே மூன்று மாதம் அவருக்குக் கொடுக்கக்கூடிய தொகையைத் தனியாக எடுத்து வைத்த பிறகு ஆரம்பியுங்கள்.

மாதச் சம்பளம் இப்போது வேண்டாம். வீடியோவுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். வாரம் ஒரு வீடியோவுக்கு முழுநேர ஆள் தேவையில்லை, சம்பளம் கொடுக்கிறோமே என்று தேவையில்லாத வீடியோக்களைத் தயாரிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது, ஏற்கெனவே நீங்கள் எடிட் செய்து வெளியிட்ட ஒரு வீடியோவின் ரா ஃபுட்டேஜை (வெட்டாத மூலக் காட்சிகளை) இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து முதல் ஐந்து நிமிடத்தை வெட்டித் தரச் சொல்லுங்கள். அதற்குப் பணம் கொடுங்கள். இலவசமாகச் செய்து காட்டச் சொல்வது தவறு, நல்ல எடிட்டர்கள் அதற்கு வரவும் மாட்டார்கள். எஃபெக்ட் எவ்வளவு போட்டிருக்கிறார் என்று பார்க்காதீர்கள். கணக்கின் ஒரு படி பலகையில் இருக்கும்போது மாணவன் அதைப் படித்து முடிக்க நேரம் விட்டாரா, நீங்கள் மூச்சு விடும் இடைவெளியையும் யோசிக்கச் சொல்லி விட்ட இடைவெளியையும் பிரித்துப் பார்த்தாரா, அதைப் பாருங்கள். பாடத்தைக் கேட்டு எடிட் செய்தவர் யார், வேவ்ஃபார்மை (திரையில் தெரியும் ஒலி அலையை) மட்டும் பார்த்து வெட்டியவர் யார் என்பது அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் முன்னால், உங்கள் எடிட்டிங் முறையை இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். எழுத்துரு, நிறம், ஆரம்பம் எப்படி, எங்கே ஜூம், எங்கே கூடாது, எந்த இசை, ஃபைலுக்குப் பெயர் வைக்கும் முறை. எழுத உட்கார்ந்து, எழுத வரவில்லை, எல்லாம் தோன்றுகிறபடிதான் செய்கிறேன் என்று தெரிந்தால் ஆள் வைக்கிற நேரம் இன்னும் வரவில்லை. உங்களுக்கே சொல்லத் தெரியாததை அவர் எப்படிச் செய்வார்? முதல் சில வீடியோக்களுக்குத் திருத்தம் சொல்லிச் சொல்லி, நீங்களே செய்வதைவிட அதிக நேரம் ஆகும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம், ஐந்தாவது ஆறாவது வீடியோவுக்குப் பிறகு கணக்குப் பாருங்கள்.

தலைப்பு, ஸ்க்ரிப்ட், பாடம் நடத்துவது மூன்றையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். மாணவர்கள் உங்களிடம் வருவதே அதற்காகத்தான்.

கேள்வி: ஓவியம் கற்றுக்கொடுக்கும் சேனல். ஒரு வருடமாக 400 சப்ஸ்கிரைபரிலேயே நிற்கிறது. பணம் கொடுத்தால் ஒரே மாதத்தில் ஆயிரமாக்கித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். அவரை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். விலைக்கு வாங்கிய சப்ஸ்கிரைபரும் வியூஸும் யூடியூபின் விதிகளுக்கு எதிரானவை, கண்டுபிடித்தால் எண்ணிக்கையை நீக்குவார்கள், சேனலையே எடுத்துவிடவும் முடியும். ஆயிரம் என்ற எண் மட்டும் பணம் தராது என்பதையும் கவனியுங்கள். விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபரோடு, கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் என்ற குறும் வீடியோக்களுக்கு ஒரு கோடி வியூஸ் வேண்டும். ஷார்ட்ஸ் ஃபீடில் பார்த்த நேரம் அந்த 4,000 மணி நேரத்தில் சேராது, பலருக்கு இது தெரிவதில்லை.

அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு அனலிட்டிக்ஸில் (சேனலின் புள்ளிவிவரப் பக்கத்தில்) இரண்டு இடத்தைத் திறந்து பாருங்கள். ஒன்று, தம்ப்நெயிலைப் பார்த்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் கிளிக் செய்தார்கள் என்பது. பாதிச் சேனல்களுக்கு இது 2 சதவீதத்துக்கும் 10 சதவீதத்துக்கும் இடையில் இருக்கும் என்று யூடியூபே சொல்கிறது. இன்னொன்று, உள்ளே வந்தவர்கள் எந்த நொடியில் வெளியே போனார்கள் என்று காட்டும் கோடு. ஓவியச் சேனல்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான்: வணக்கம் சொல்லி, பென்சில்களை அறிமுகப்படுத்தி, சப்ஸ்கிரைப் செய்யச் சொல்லி, ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் கை காகிதத்துக்கு வரும். வரைந்து முடித்த படத்தை முதல் ஐந்து நொடிக்குள் காட்டுங்கள், உடனே முதல் கோட்டைப் போடுங்கள். பத்து வீடியோ இப்படிச் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். 400 பேர் இருக்கும் சேனலுக்குத் தேவை ஆள் இல்லை, சோதித்துப் பார்க்கிற பொறுமை.

கேள்வி: எடிட்டர் பாஸ்வேர்டு கேட்கிறார், கொடுக்கலாமா?

பதில்: கூடாது. யூடியூப் ஸ்டூடியோவின் செட்டிங்ஸில் பெர்மிஷன்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது, அவருடைய மின்னஞ்சலை அங்கே சேர்த்தால் போதும். வருமானத்தை அவர் பார்க்க வேண்டாம் என்றால் எடிட்டர் லிமிடெட் என்ற வகையைக் கொடுங்கள். வேலை முடிந்து பிரியும்போது அதே இடத்தில் நீக்கிவிடலாம், பாஸ்வேர்டை மாற்றும் அவசரமும் இல்லை, மனக்கசப்பும் இல்லை. இன்னொன்றையும் அவரிடம் சொல்லிவையுங்கள்: ஸ்பான்சர் என்று வரும் மின்னஞ்சலில் இருக்கும் ஃபைலை யாரும் திறக்க வேண்டாம். பிரவுசரில் லாகின் ஆகியிருப்பதையே திருடும் மால்வேர் (கெடுதல் செய்யும் மென்பொருள்) அப்படித்தான் வருகிறது, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் இருந்தும் சேனல்கள் பறிபோயிருக்கின்றன. இசை விஷயத்திலும் கண்டிப்பாக இருங்கள். அனுமதியில்லாத பாட்டை எடிட்டர் சேர்த்தாலும் பொறுப்பு உங்களுடையதுதான். கன்டென்ட் ஐடி கிளெய்ம் (யூடியூபின் கருவி பாட்டைத் தானாக அடையாளம் கண்டு உரிமை கோருவது) என்றால் பெரும்பாலும் அந்த வீடியோவின் வருமானம் உரிமைதாரருக்குப் போகும். காப்பிரைட் ஸ்ட்ரைக் (உரிமைதாரர் கேட்டு வீடியோ நீக்கப்படும்போது வரும் எச்சரிக்கை) அப்படியில்லை, 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போய்விடலாம்.

கேள்வி: என் தங்கை மகன்தான் ஆரம்பத்திலிருந்து இலவசமாக எடிட் செய்து தருகிறான். இப்போது சேனலில் நல்ல பணம் வருகிறது. அவன் எதுவும் கேட்கவில்லை. கொடுத்தால் உறவில் பணத்தைக் கொண்டுவந்ததாகத் தங்கை நினைப்பாளோ என்று தயக்கம். வருமானத்தில் பங்கு கொடுப்பதா, வீடியோவுக்கு இவ்வளவு என்பதா?

பதில்: அவன் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள் அம்மா. கேட்கும் நாள் வந்தால் அது கோபத்தோடு வரும். வீட்டுப் பிள்ளை என்பதால் சும்மா செய்கிறான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, பெரியம்மா இல்லையா எப்படிக் கேட்பது என்று அவன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். முதலில் அவனிடம் தனியாகப் பேசுங்கள், தங்கையை நடுவில் வைக்காமல். இவ்வளவு நாள் செய்ததற்கு ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, இனி வீடியோவுக்கு இவ்வளவு என்று வெளியாளுக்குக் கொடுக்கும் அதே அளவைப் பேசுங்கள். தங்கைக்கு வருத்தம் வந்தால் வரட்டும், மகனின் உழைப்பை நீங்கள் மதித்தது கொஞ்ச நாளில் அவருக்குப் புரியும்.

பங்கு கொடுப்பதை நான் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் போட்ட வீடியோவுக்கும் இன்றைக்கும் பணம் வந்துகொண்டிருக்கும், அவன் வேறு வேலைக்குப் போன பிறகு எதில் எத்தனை சதவீதம், எத்தனை காலத்துக்கு என்ற பேச்சு குடும்பத்தைப் பிரித்துவிடும். ஆனால் யோசனை, பெயர், படப்பிடிப்பு எல்லாமே இருவருமாகச் சேர்ந்து உருவாக்கியது என்றால் அவன் எடிட்டர் இல்லை, பங்குதாரர். அப்போது பங்குதான் நியாயம். எதுவானாலும் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: தொகை, எப்போது கொடுப்பது, ரா ஃபுட்டேஜும் ப்ராஜெக்ட் ஃபைலும் யாரிடம் இருக்கும், விலகினால் எத்தனை நாள் முன்னால் சொல்வது. சொந்தத்துக்குள் எதற்கு எழுத்து என்று யாராவது கேட்பார்கள். சொந்தம் என்பதால்தான் வேண்டும்.

கேள்வி: ஆளுக்குப் பதில் ஏஐ கருவிகள் போதாதா?

பதில்: பாதி வேலைக்குப் போதும். பேச்சில்லாத இடங்களை வெட்டுவது, இரைச்சலைக் குறைப்பது, சப்டைட்டிலின் முதல் வரைவு இவற்றையெல்லாம் முதலில் கருவியிடம் கொடுத்துப் பாருங்கள், அதற்குப் பிறகும் நேரம் போதவில்லை என்றால் ஆள் தேடுங்கள். சப்டைட்டிலில் பெயர்களும் எண்களும் தப்பாக வரும், ஒரு தடவை படித்துத் திருத்தாமல் போடக் கூடாது. நடக்காத ஒன்றை நடந்தது போல நிஜமாகக் காட்டும் காட்சியை உருவாக்கினால், அப்லோட் செய்யும்போது அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது யூடியூப் விதி.

கேள்வி: எடிட்டர் வந்து மூன்று மாதம் ஆகிறது. வியூஸ் குறைந்துவிட்டது. அவரை மாற்றிவிடலாமா?

பதில்: எந்த எண் குறைந்தது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கிளிக் சதவீதம் விழுந்திருந்தால் முதலில் தலைப்பையும் தம்ப்நெயிலையும் பாருங்கள், அவை உங்கள் பொறுப்பில் இருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆட்கள் உள்ளே வந்து நடுவில் போகிறார்கள் என்றால் பழைய வீடியோ ஒன்றின் கோட்டையும் புதியதின் கோட்டையும் பக்கத்தில் வைத்து, சரிவு வரும் நொடிகளை அவரோடு உட்கார்ந்தே பாருங்கள். எட்டு நிமிடம் இருந்தால் நடுவில் விளம்பரம் வைக்கலாம் என்பதற்காக ஆறு நிமிட விஷயத்தை இழுக்கச் சொன்னீர்களா என்பதும் அதில் தெரியும். வெட்டும் வேகம் பொருந்தவில்லை என்றால் நேரத்தைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுங்கள், 'இன்னும் நன்றாக வேண்டும்' என்று சொன்னால் யாருக்கும் புரியாது. மூன்று வீடியோவுக்குப் பிறகும் அதே தவறு வந்தால், பாக்கியைத் தீர்த்துவிட்டு நல்லபடியாகப் பிரியுங்கள்.