மாடி அறை கம்ப்யூட்டருக்கு வயரா, வைஃபையா?

கேள்வி: முதல் மாடியில் டெஸ்க்டாப் வைத்துக் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். ரூட்டர் கீழே ஹாலில் இருக்கிறது. 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. ரூட்டர் பக்கத்தில் நின்று போனில் பார்த்தால் 180 வரை காட்டுகிறது. மாடியில் யுஎஸ்பி டோங்கிள் (வைஃபை பிடிக்கும் குட்டிக் கருவி) போட்ட கம்ப்யூட்டரில் 25ஐத் தாண்டவில்லை. பிரஸ்ஸுக்கு 4 ஜிபி ஃபைல் அனுப்பினால் பாதியில் நின்றுவிடுகிறது. நல்ல வைஃபை கார்டு வாங்கவா, கேபிள் இழுக்கவா?

பதில்: கேபிளே இழுத்துவிடுங்கள். உங்கள் கம்ப்யூட்டர் மேசையை விட்டு நகரப்போவதில்லை, உங்கள் பிழைப்பும் அதில்தான். வைஃபையில் ஒரு சேனலில், அதாவது ஒரே அலைவரிசையில், பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். வீட்டு டிவி, போன்கள், அதே சேனலில் இருக்கும் பக்கத்து வீட்டு ரூட்டர் எல்லாம் மாறி மாறிக் காத்திருக்க வேண்டும். நடுவில் கான்கிரீட் தளம் வேறு. வயரில் இந்தப் போட்டி கிடையாது. 4 ஜிபி ஃபைல் 25 எம்பிபிஎஸ்ஸில் போக 21 நிமிடம் ஆகும். உங்கள் பிளானில் அப்லோடும் 200 என்றால், அதே ஃபைல் 3 நிமிடத்துக்குள் போய்விடும்.

கடையில் கேட் 6 என்ற வகை நெட்வொர்க் கேபிள் கேட்டு வாங்குங்கள். சுவருக்குள் ஏற்கெனவே அதற்கு முந்தைய வகையான கேட் 5இ ஓடுகிறதென்றால் அதுவே போதும், 100 மீட்டர் வரை ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகம் தரும். ஆனால் உள்ளே இருப்பது முழுச் செம்பா என்று பாருங்கள். ஒரு கம்பியின் தோலை உரித்து பிளேடால் லேசாகச் சுரண்டினால், அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு கொடுத்த கேபிள் வெள்ளையாகப் பல்லிளிக்கும். அது மலிவுதான், ஆனால் வளைக்கிற இடத்தில் சீக்கிரம் முறியும்.

எலக்ட்ரீஷியன், “கரண்ட் பைப் மேலே போகுதே, அதுலயே விட்டுடலாம்” என்பார். சம்மதிக்காதீர்கள். 230 வோல்ட் வயரின் தோல் எங்காவது உரிந்தால் அந்த மின்சாரம் உங்கள் கம்ப்யூட்டருக்கு வரலாம், உங்கள் கைக்கும் வரலாம். மாடிப்படிச் சுவரோரம் தனியாக கேசிங் (பிளாஸ்டிக் பட்டை) அடித்துக் கொண்டுபோகலாம். வெளிச்சுவர் வழியாகத்தான் போக வேண்டுமென்றால், வெயில் தாங்குகிற அவுட்டோர் கேபிளாகக் கேளுங்கள்.

வேலை கெடுவது பெரும்பாலும் கிரிம்பிங்கில்தான், அதாவது கேபிள் முனையில் கனெக்டரை அழுத்தி மாட்டுவதில். வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இரண்டு முனையிலும் இதே வரிசை. பச்சை ஜோடி ஏன் நீலத்துக்கு இருபுறமும் பிரிந்து நிற்கிறது என்று தோன்றும். கனெக்டரின் 3, 6 ஆகிய இரண்டு பின்களுக்கும் (உலோக முனைகள்) ஒன்றோடொன்று முறுக்கிய ஒரே ஜோடிதான் போக வேண்டும், அதனால்தான். ஒரு கடையில் நெட் அடிக்கடி அறுந்தது. கேபிள் டெஸ்டரில் எட்டுக் கம்பிக்கான எட்டு விளக்கும் அழகாக எரிந்தன. கனெக்டரைக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன்: பச்சையோடு பச்சை, நீலத்தோடு நீலம் என்று நேர்வரிசையாகக் கோத்திருந்தார்கள். இரு முனையும் ஒரே மாதிரி இருந்ததால் டெஸ்டருக்குத் தப்பு தெரியவில்லை. கத்தரித்து மறுபடி அடித்ததும் சரியாகிவிட்டது. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். வெளித்தோலும் கனெக்டருக்குள் போய்க் கவ்வியிருக்க வேண்டும்.

மாட்டியதும் விண்டோஸ் செட்டிங்ஸில் ஈத்தர்நெட் பகுதிக்குப் போய் லிங்க் ஸ்பீடு பாருங்கள். 1000 என்று இருக்க வேண்டும். 100 என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு கம்பி பின்னைத் தொடவில்லை. 100க்கு நான்கு கம்பி போதும், 1000க்கு எட்டும் வேண்டும். அதனால் நெட் வேலை செய்துகொண்டே இருக்கும், உங்கள் 200 எம்பிபிஎஸ் வேகம் மட்டும் பாதியாகிவிடும். கனெக்டரை மாற்றும் முன் ரூட்டரில் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். பல ஃபைபர் பெட்டிகளில் ஒரு போர்ட்தான் ஜிகாபிட், மற்றவை 100தான். அதே இடத்தில் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கம்ப்யூட்டருக்கு ரூட்டர் தரும் எண்) 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து முகவரி வரவில்லை என்று பொருள். ரூட்டரை அணைத்துப் போடுங்கள், அப்புறமும் அப்படியே இருந்தால் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

கேபிள் வரும்வரை ஒன்று செய்யலாம். டோங்கிள் சிபியுவின் பின்பக்கம் செருகியிருந்தால், இரும்புப் பெட்டியே அதன் சிக்னலை மறைக்கும். பக்கத்திலிருக்கும் யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கும் வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டி மேசைமேல் வையுங்கள். வாடகை வீடு, சுவரில் கை வைக்க முடியாது என்றால் மட்டும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் உள்ள வைஃபை கார்டு வாங்குங்கள், ஆன்டெனா தனி வயரில் மேசைக்கு வருகிற மாதிரி.

இழுக்கும்போது ஒன்றுக்கு இரண்டாக இழுத்துவிடுங்கள். கூலி ஒன்றுதான். இரண்டாவது கேபிளில் பின்னால் ஒரு ஆக்சஸ் பாயின்ட் (கேபிளிலிருந்து வைஃபை தரும் பெட்டி) மாட்டினால் மாடியில் போனுக்கும் நல்ல வைஃபை கிடைக்கும்.