செல்ஃப் அடிக்கிறது, வண்டி எடுக்கவில்லை: பம்பைக் கழற்றும் முன் அந்த ஒற்றை வயரைப் பாருங்கள்

ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி லோடு அடிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “2007 மாடல் டீசல் வேன், ரோட்டரி பம்ப். முந்தாநாள் காலை வரை நன்றாக ஓடியது. டீ குடிக்க நிறுத்திவிட்டு வந்து சாவி போட்டால் செல்ஃப் நன்றாக அடிக்கிறது, வண்டி எடுக்கவே இல்லை. சைலன்சரில் புகைகூட இல்லை. பம்பைக் கழற்றி சர்வீசுக்கு அனுப்பணும், 18,000 ஆகும் என்கிறார் மெக்கானிக். கொடுக்கலாமா?”

கொடுக்காதீர்கள். இன்றைக்காவது கொடுக்காதீர்கள். இன்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் அந்தப் பம்ப் தேய்வது டீ குடிக்கும் நேரத்தில் நடக்கிற காரியம் இல்லை. இழுவை குறையும், சூட்டில் ஸ்டார்ட் எடுக்கத் திணறும், மாதக்கணக்கில் சொல்லிவிட்டுத்தான் போகும். நீங்கள் எழுதியதில் எனக்குப் பட்டது ‘புகைகூட இல்லை’ என்பதுதான். செல்ஃப் அடித்தும் புகையே வரவில்லை என்றால் டீசல் உள்ளே போகவே இல்லை என்று அர்த்தம்.

பம்பில், இன்ஜினுக்கு டீசல் கொண்டுபோகும் நாசில் பைப்புகள் கிளம்பும் பக்கத்தில், தலையில் ஒற்றை வயரோடு கட்டைவிரல் கனத்தில் ஒன்று நிற்கும். அதுதான் சோலனாய்டு வால்வு, கட் ஆஃப் என்றும் சொல்வார்கள். சாவி போட்டால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், காந்தமாகி ஒரு சின்ன ஊசியை மேலே இழுக்கும், டீசலுக்கு வழி திறக்கும். சாவியை எடுத்தால் ஸ்பிரிங் ஊசியைக் கீழே தள்ளி வழியை அடைக்கும், இன்ஜின் நிற்கும். அவ்வளவுதான் அதன் வேலை. காயில் எரிந்தாலும், ஊசி பிசினேறி ஒட்டிக்கொண்டாலும், வயர் கழன்றாலும் உங்களுக்கு வந்த அதே கோளாறுதான் வரும்.

வண்டியை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் ஆன் செய்யச் சொல்லிவிட்டு வால்வின் மேல் விரலை வையுங்கள். ‘டிக்’ என்று ஒரு துள்ளல் தெரியவேண்டும். தெரியவில்லையா? வயரைக் கழற்றி அந்த முனையில் ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லாம்பைப் பிடித்து, அடுத்த முனையை பாடியில் வையுங்கள். பல்பு எரியாவிட்டால் வால்வைத் திட்டாதீர்கள், கோளாறு பியூசிலோ வயரிலோ சாவி சுவிட்சிலோ இருக்கிறது. பல்பு எரிந்து வால்வு துள்ளவில்லை என்றால் வால்வு போய்விட்டது. உறுதி செய்ய, பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு வயரை நேராக வால்வின் தலைக்குக் கொண்டுவந்து தொட்டுப் பாருங்கள், பாடியில் மட்டும் உரசிவிடக் கூடாது. அப்போதும் துள்ளாவிட்டால் வால்வுதான்.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் இழுத்துச் சொல்கிறேன், இதில்தான் நல்ல மெக்கானிக்குகளே ஏமாறுகிறார்கள். சாவி ஆனில் பல்பு நன்றாக எரியும், வால்வும் துள்ளும், ‘கரன்ட் வருதுப்பா, அப்போ பம்ப்தான்’ என்று முடித்துவிடுவார்கள். ஆனால் சாவியை இன்னும் திருப்பி செல்ஃப் அடிக்கும்போது, தேய்ந்த சாவி சுவிட்ச் சிலதில் அந்த வயருக்குப் போகும் கரன்ட் அறுந்துவிடும். பேட்டரி வீக்காக இருந்தாலும் அப்படித்தான், செல்ஃப் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ள வால்வுக்கு ஊசியைத் தூக்கிப் பிடிக்கத் தெம்பு இருக்காது. அதனால் பல்பை ஒரு தடவை செல்ஃப் அடிக்கும்போதும் பாருங்கள், அணைந்தாலோ ரொம்ப மங்கினாலோ காரணம் அங்கே இருக்கிறது. இன்னொரு அடையாளம், தள்ளி ஸ்டார்ட் செய்தால் வண்டி சாதுவாக எடுத்துவிடும். இதற்குப் போய் பம்பைக் கழற்றினால், டீசல் சரியான நேரத்தில் பாயும்படி திரும்ப டைமிங் வைக்கும் செலவும் உங்கள் தலையில்தான்.

வால்வுதான் போயிருந்தால் மாற்றுவது அரை மணி வேலை. சுற்றிலும் டீசலும் பிரஷ்ஷும் போட்டு மண்ணில்லாமல் துடையுங்கள், உள்ளே ஒரு துளி மணல் விழுந்தால் அப்போது நிஜமாகவே பம்ப் செலவு வரும். பெரும்பாலும் 24-ஆம் நம்பர் ஸ்பானர் பிடிக்கும். கழற்றும்போது ஊசியும் ஸ்பிரிங்கும் கீழே விழாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஒழுகாமல் அடைக்கும் பழைய ரப்பர் வளையம், ஓ ரிங், குழியிலேயே ஒட்டியிருக்கும், அதை எடுக்காமல் புதுசை மேலே வைத்தால் ஒழுகும். புது வால்வைக் கையால் மரை பிடிக்க வைத்து, அப்புறம் அளவாக இறுக்குங்கள், லாரி வீல் நட் மாதிரி முறுக்க வேண்டாம். பிறகு டீசல் வழியில் புகுந்த காற்றை வெளியேற்றி, அதாவது ஏர் எடுத்துவிட்டு, ஸ்டார்ட் செய்யுங்கள்.

வாங்கும் இடத்தில்தான் எனக்குக் கோபம் வரும். கம்பெனி கவுண்டரில் சேசிஸ் நம்பர் கேட்பார்கள், கம்ப்யூட்டரைத் தட்டுவார்கள், ‘வால்வு தனியா வராது சார், பம்ப் அசெம்ப்ளிதான்’ என்பார்கள். பழைய வண்டி வைத்திருப்பவனுக்கு உதிரி பாகம் கொடுக்க யாருக்கும் அக்கறை இல்லை. டீசல் பம்ப் சர்வீஸ் செய்யும் கடையில் கேளுங்கள், பழைய வால்வைக் கையோடு கொண்டுபோங்கள். 12 வோல்ட்டும் 24 வோல்ட்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மேலே அடித்திருக்கும் எண்ணைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். மைகோ என்று சொல்லித்தான் விற்பார்கள். டீசல் பம்ப் செய்யும் அந்தக் கம்பெனி 2008-லேயே பாஷ் என்று பெயர் மாறிவிட்டது. புதுசு என்று சொல்லி மைகோ அட்டையில் ஒரு வால்வை நீட்டினால் கொஞ்சம் யோசியுங்கள்.

இன்னொரு வித்தை இருக்கிறது. வால்வைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஊசியை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மூடினால் வண்டி ஓடும். நடுரோட்டில் வீடு வந்து சேர அது சரி. ஆனால் அப்புறம் சாவியை எடுத்தாலும் இன்ஜின் நிற்காது, பிரேக்கை மிதித்து டாப் கியரில் கிளட்சை விட்டுத்தான் அணைக்க வேண்டும், ஆபத்தில் உடனே நிறுத்த வழியில்லை. இதைச் செய்துவிட்டுப் புது வால்வுக்குக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கே ஒருத்தர் அப்படி ஒரு வண்டியைக் கொண்டுவந்து காட்டினார். ஆகவே வேலை முடிந்ததும் நீங்களே ஏறி உட்கார்ந்து, ஓடும் இன்ஜினில் சாவியைத் திருப்புங்கள். உடனே நின்றால் பணத்தைக் கொடுங்கள், பழைய வால்வையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.