வயல் கேள்வி பதில்: வெளுத்த கதிரை இழுத்துப் பாருங்கள்

கேள்வி: மழைக்கால நெல் கதிர் வாங்கிவிட்டது. பச்சைப் பயிருக்கு நடுவே அங்கங்கே கதிர்கள் வெளுத்து, விறைத்து நிற்கின்றன, எல்லாம் பதர். கடையில் ஒருவர் பூச்சி என்கிறார், இன்னொருவர் நோய் என்கிறார். எந்த மருந்து அடிக்கலாம்? (வாசகர், பெகு, மியான்மர்)

பதில்: மருந்து வாங்குமுன் வெளுத்த கதிர்களில் பத்தைப் பிடித்து இழுங்கள். சிரமமில்லாமல் உருவிக்கொண்டு வந்து, அதன் அடி கடிபட்டிருந்தால் குருத்துப்பூச்சி. தண்டைப் பிளந்தால் வெளிர்மஞ்சள் புழுவோ அதன் எச்சமோ கிடைக்கும். உருவி வராமல் கதிரின் கழுத்து கறுத்து ஒடிந்தால் குலைநோய். அது பூஞ்சணம், பூச்சிமருந்துக்கு அடங்காது. தண்டு சாய்வாக வெட்டுப்பட்டிருந்தால் எலி.

குருத்துப்பூச்சிதான் என்றாலும் இப்போது அடிக்காதீர்கள். புழு தண்டுக்குள் இருக்கிறது, வெளுத்த கதிரில் இனி மணி பிடிக்காது. கண்டுபிடிக்க வேண்டிய காலம் இதற்கு முன்பே. தூர் கட்டும்போது, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் கிளைக்கும்போது, நடுக்குருத்து காய்வதும் இதே புழுவால்தான். அப்போது பயிர் புதுத் தூர் விட்டு ஈடுகட்டிக்கொள்ளும். நூற்றுக்குப் பத்துக் குருத்து காய்ந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். தாய் அந்துப்பூச்சி மஞ்சள் நிறம், முன்சிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி. இலை நுனியருகே முட்டையிட்டுப் பழுப்பு ரோமத்தால் மூடிவைக்கும். நடுவதற்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளி அழித்தால் முட்டையில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

இந்த அறுப்பில் தாளை உயரமாக விடாமல் தரையோடு அறுங்கள். மிச்சப் புழு அடித்தாளில்தான் கோடையைக் கழிக்கும். உளுந்து விதைப்பவர்கள் அதற்குமுன் தாளை மடக்கி உழுதுவிடுவது நல்லது. அடுத்த போகத்தில் யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் மூன்றாகப் பிரித்துப் போடுங்கள்.

கேள்வி: பயிர் வட்டவட்டமாகத் தீய்ந்ததுபோல் காய்கிறது. இலையில் பூச்சியே இல்லை. (வாசகர், தட்டோன்)

பதில்: இலையில் தேடினால் கிடைக்காது. தூரை விலக்கித் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாருங்கள். பழுப்புத் தத்துப்பூச்சிகள் அப்பியிருந்தால் அது புகையான். முதலில் தண்ணீரை வடித்து மூன்று நான்கு நாள் வயலைக் காயவிடுங்கள். தூருக்கு ஒரு பூச்சிக்குக் குறைவாக இருந்து சிலந்திகளும் தென்பட்டால் மருந்தே வேண்டாம். அடித்தே ஆகவேண்டுமானால் தூரின் அடி நனைய வேண்டும், மேலே தூவுவது வீண். சைபர்மெத்ரின் வகையைத் தொடாதீர்கள்: சிலந்தி செத்து, புகையான் முன்னைவிடப் பெருகும்.