கடைசி நாளில் சொன்னால் போதுமா?

நேபாளப் பள்ளியில் தன்னார்வப் பணி முடித்துக் கடலூர் திரும்புவதைப் பிள்ளைகளிடம் கடைசி நாளில் சொன்னால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்; போதாது, தலைமையாசிரியரிடம் தேதியை உறுதிசெய்துகொண்டு இரண்டு வாரம் முன்பே வகுப்பில் சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் வகுப்பினர் சில நாளாக முகம்கொடுத்துப் பேசுவதில்லை என்றால், ஆசிரியர் அறையிலிருந்து செய்தி அரைகுறையாகக் கசிந்திருக்கக்கூடும். வகுப்பாசிரியரிடம் தனியே விசாரித்துப் பாருங்கள்.

உங்களுக்குப் பின் வருபவர் யாரென்று தெரிந்தால், அவரோடு சேர்ந்து ஒரு பாடவேளையாவது நடத்துங்கள். பிரிவுரையைவிட அதுவே பிள்ளைகளுக்குத் தெம்பு தரும்.

அங்கே வழியனுப்பும்போது நெற்றியில் டீக்கா இட்டு, கழுத்தில் காதா என்னும் மெல்லிய துண்டை அணிவிப்பார்கள். கூச்சப்படாமல் தலைகுனிந்து ஏற்றுக்கொள்ளுங்கள். பண்ருட்டி முந்திரி மிச்சமிருந்தால் ஆசிரியர் அறைக்குக் கொடுங்கள், செல்லப்பிள்ளை ஒருவனுக்கு மட்டும் வேண்டாம்.

பயணம் உறுதியாகாமல் "மறுபடி வருவேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கைப்பேசி எண்ணையும் பிள்ளைகளிடம் தராமல், பள்ளி முகவரிக்கே கடிதம் எழுதுவது நல்லது.